‘பிடி’ என்று எழுதிய பொத்தான்

அவளுக்கு ‘வண்டு’ என்று பெயர் வந்த காரணத்தைப் பற்றி வீட்டாரிடையே இன்றுவரை ஒத்த கருத்து இல்லை. யோசிக்கும்போது வாயை மூடிக்கொண்டு ‘உம்ம்ம்’ என்று ரீங்காரமிடும் வழக்கம் அவளுக்குத் தொட்டிலிலேயே இருந்தது என்பார் அம்மா. ஏழு வயதில் அணிந்த தடித்த மூக்குக்கண்ணாடிதான் காரணம் என்பாள் அக்கா. வளர்ந்த பிறகு அந்தக் கண்ணாடியை மாற்றப் போன கடையில், தன் கண்களைச் சோதித்த கடைக்காரரையே அவள் மணந்துகொண்டாள்.

“பலகையில இருக்கிற எழுத்தப் படிங்கன்னு சொன்னேன். எழுத்தத் தவிர மத்த எல்லாத்தையும் பார்த்தா. என் காலர்ல எறும்பு போகுதுன்னா. அன்னைக்கே நான் காலி” என்று அவர் வாடிக்கையாளர்களிடம் இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

பதினோரு ஆண்டுகள் அவள் ஒரு மின்தூக்கி நிறுவனத்தில் வேலை பார்த்தாள். உயரமான கட்டடம் ஒன்றில் நான்கு மின்தூக்கிகள் இருக்க, ஏழாம் மாடியில் ஒருவர் பொத்தானை அழுத்தினால், நான்கில் எது போக வேண்டும் என்று தீர்மானிக்கும் நிரலை எழுதுவதே அவளுடைய பணி. பொத்தானை அழுத்திய மனிதர் எத்தனை நொடிகள் பொறுப்பார், எத்தனையாவது நொடியில் மறுபடி அழுத்துவார், எப்போது காலாலும் உதைப்பார் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. நல்ல வேலை, ஆனால், நாள் முழுவதும் மேலும் கீழுமாகவே போய்க்கொண்டிருந்த அந்த வாழ்க்கையில் பக்கவாட்டில் எதுவுமே நகரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வீட்டின் திரைச்சீலையில் ஒரு பச்சைக் கும்பிடுபூச்சி வந்து உட்கார்ந்தது. எட்டு வயது மகள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு அதை உற்றுப் பார்த்தாள். அந்தக் கைப்பேசிக்குள் வாழும் நூற்றுப் பன்னிரண்டு கற்பனை அரக்கர்களின் பெயரையும் பலத்தையும் தலைகீழாகச் சொல்லக்கூடியவள் அவள்.

“அம்மா, இது எந்த லெவல்ல வரும்?”

“இது லெவல்ல எல்லாம் வராது. ஜன்னல் வழியாத்தான் வரும்.”

“இதுக்கு எத்தனை உயிர்?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணே ஒண்ணா?” மகள் அதிர்ந்துபோனாள். “அப்புறம் எதுக்கும்மா இவ்வளவு தைரியமா வெளிய சுத்துது?”

வண்டு அன்று மாலைவரை ரீங்காரமிட்டாள். மறுநாள் மேலாளரிடம் போய், ஓராண்டு ஊதியமில்லா விடுப்புக் கேட்டாள். குழந்தைகளை வீட்டைவிட்டு வெளியே துரத்தும் ஒரு கைப்பேசி விளையாட்டைத் தான் செய்யப் போவதாகக் காரணமும் சொன்னாள். மேலாளர் நல்ல மனிதர்.

“போயிட்டு வாங்க. கீழ போன லிஃப்ட் மேல வரத்தானே போகுது. ஆனா ஒரு வருஷம்தான். அதுக்கு மேல உங்க நாற்காலிய என்னால காலியா வச்சிருக்க முடியாது” என்றார்.

கண்ணாடிக் கடையின் பின்புற அறைதான் விளையாட்டுப் பிறந்த இடம். சுவர் நிறைய, பெரிதில் தொடங்கிச் சிறிதில் முடியும் எழுத்துப் பலகைகள். அலமாரி நிறைய, பொட்டலம் பிரிக்காத கண்ணாடிச் சட்டங்கள். அங்கே ஒரு மேசை, ஒரு மடிக்கணினி, வண்டு. எதிரே, அவள் கெஞ்சிக் கூட்டிவந்த ஓவியர்.

ஓவியர் ஆறடி உயரம். அகலமும் அதற்குக் குறைந்ததன்று. அதுவரை சோப்பு உறைகளில் கிருமிகளுக்கு மீசை வைத்து வரைந்துகொண்டிருந்தவர். அற்புதமான கை, ஆனால், நான்கு கால்களுக்கு மேல் உள்ள எதையும் நேரில் பார்க்க மாட்டார். எல்லாவற்றையும் புகைப்படத்தைப் பார்த்தே வரைவார். புகைப்படத்தையும் மேசையின் அந்தப் பக்கம் தள்ளி வைத்துக்கொண்டே வரைவார்.

“கரப்பான்பூச்சிய நம்ம விளையாட்டுல எதுக்கு மேடம் சேக்கணும்? அதுக்கு ஏற்கெனவே நல்ல விளம்பரம் இருக்கே.”

“அதுவும் ஒரு ஜீவன்தானே, ஓவியரே. வரைங்க.”

“ஜீவன்தான். வரையும்போது என் ஜீவன்தான் போகுது.”

விளையாட்டின் பெயர் ‘யாரங்கே’. வீட்டுக்குள் திறந்தால், திரையில் ஒரு மரவட்டை சுருண்டு தூங்கும். என்ன தட்டினாலும் எழாது. கைப்பேசியுடன் நூறு அடி நடந்தால்தான் மெல்ல அவிழும். பிறகு ஒரு துப்புக் கொடுக்கும்: ‘ஆறு கால்கள், புள்ளிச் சட்டை, இலைக்கு அடியில் குடியிருப்பு.’ குழந்தை தேடிக் கண்டுபிடித்து, அந்த உயிரைப் படம்பிடித்தால், ஓவியரின் ஓவியம் துள்ளி வந்து, தன் பெயரையும் பழக்கத்தையும் தானே சொல்லும். கொட்டுவன, கடிப்பன எவையும் பட்டியலில் இல்லை. அந்தப் பட்டியலை வண்டு மூன்று முறை சலித்தெடுத்தாள்.

நூறு அடி நடப்பது என்பது கேட்க எளிதாக இருந்தது. முதல் வாரமே, மகள் கைப்பேசியைக் கையில் வைத்து நூறு முறை உலுக்கி, மரவட்டையைச் சோபாவிலேயே எழுப்பிவிட்டாள். வண்டு நிரலைத் திருத்தினாள். அடுத்த நாள், கடையடைத்து வந்த கணவர் சாப்பாட்டு மேசையைச் சுற்றிச்சுற்றி நடந்துகொண்டிருந்தார்.

“என்ன பண்றீங்க?”

“பாப்பா பத்து ரூபா தரேன்னா.”

வண்டு மறுபடி திருத்தினாள். அதற்கடுத்த நாள் மரவட்டை ஒன்பது நிமிடத்தில் நான்காயிரம் அடி நடந்திருந்தது. கைப்பேசி, துணி பிழிந்துகொண்டிருந்த சலவை இயந்திரத்தின் தலைமேல் உட்கார்ந்து, குலுங்கிக் குலுங்கிப் பயணம் செய்துகொண்டிருந்தது. மகளைத் திட்ட வாயெடுத்தவள் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். சோம்பலுக்கு இத்தனை உழைப்பைச் செலவிடுகிற ஒரு பிறவியை வெல்ல வேண்டுமென்றால், அடிகளை எண்ணிப் பயனில்லை. வெளிச்சத்தை அளந்தால்தான் உண்டு. அன்றுமுதல் மரவட்டை வெயில் பட்டால்தான் கண் திறந்தது.

பத்து மாதங்கள் இப்படிப் போயின. பதினோராம் மாதத்தில் பொத்தான் தகராறு தொடங்கியது.

படம் பிடிப்பதற்கான பொத்தானை ஓவியர் ஒரு பொறிவண்டின் முதுகாக வரைந்திருந்தார். உருண்டையாக, சிவப்பாக, தொட்டால் நகர்ந்துவிடுமோ என்று தோன்றும்படி. அதன்மேல் ‘படம்பிடி’ என்று எழுதியிருந்தது. பெரிய கைப்பேசியில் அழகாகத்தான் இருந்தது. சிறிய கைப்பேசியிலோ, எழுத்துகள் வண்டின் முதுகிலிருந்து இரு பக்கமும் வழிந்து, அதற்கு மேலும் இரண்டு கால்கள் முளைத்ததுபோல் தெரிந்தன. எழுத்தைச் சிறிதாக்கினால் படிக்க முடியவில்லை.

“வண்டப் பெருசாக்குங்க” என்றாள் வண்டு.

“ஆக்கினா அது பூசணிக்காய் மேடம்.”

“அப்ப வார்த்தையச் சின்னதாக்குறேன்.”

முன்பகுதியை வெட்டினாள். ‘பிடி’ என்று இரண்டே எழுத்துகள். பொறிவண்டின் முதுகில் பொட்டு வைத்தாற்போல் பொருந்தியது. மூவரும் கைதட்டினார்கள்.

மூன்றாமவர் அக்கா. தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு ஆசிரியை. சிவப்புப் பேனா இல்லாமல் வெளியே கிளம்பாதவள். விளையாட்டில் இருந்த முந்நூற்றுச் சொச்ச வாக்கியங்களையும் ஒன்று விடாமல் திருத்தியவள் அவளே. ‘வண்ணத்துபூச்சி’க்கு விட்டுப்போன ஒற்றை மீட்டுக் கொடுத்தாள். ‘மரம் கொத்தி’ என்று பிரிந்து கிடந்த பறவையை ‘மரங்கொத்தி’ என்று ஒன்று சேர்த்தாள்.

“மகரம் திரிஞ்சு ‘ங்’ ஆகணும்டீ. இப்படிப் பிரிச்சு எழுதினா, மரம் எழுந்து வந்து யாரையோ கொத்துற மாதிரி இருக்கு” என்றாள்.

‘பிடி’ என்ற சொல்லுக்கு வந்தபோது, அவள் பேனா ஒரு நொடி நின்றது. “ஏவல் வினைமுற்று. பிழையே இல்ல” என்று சொல்லிச் சரிக்குறி போட்டாள்.

பிழையே இல்லைதான். அந்தச் சொல்லை ‘படம்பிடி’யாகப் பத்து மாதங்கள் பார்த்துப் பழகிய கண்களுக்கு, வெட்டியெறிந்த ‘படம்’ இன்னும் அங்கேயே தெரிந்துகொண்டிருந்தது. மகளுக்கும் அப்படியே, கணவருக்கும் அப்படியே. முதன்முறையாகப் பார்க்கும் ஒருவருக்கு அது எப்படித் தெரியும் என்று கேட்பதற்கு, முதன்முறையாகப் பார்க்கும் ஒருவர்கூட அந்த அறையில் இல்லை.

விடுப்பு முடிய இரண்டு நாள்கள் இருந்தன. திங்கட்கிழமை காலை அவள் மின்தூக்கிக்குத் திரும்ப வேண்டும். அல்லது விளையாட்டை யாராவது ஏற்க வேண்டும். ஏற்கக்கூடியவர் ஒருவர் இருந்தார்: நகரத்தின் குழந்தைகள் நூலகங்கள் பன்னிரண்டுக்கும் தலைமை நூலகர். பன்னிரண்டு கிளைகளிலும் குழந்தைகளுக்கு விளையாட்டைக் கொடுக்கவும், அதை வளர்க்கும் வேலையை வண்டுவிடமே ஒப்படைக்கவும் அவரால் முடியும். குழந்தைகள் விளையாடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே எதுவும் சொல்ல முடியும் என்று அவர் கூறிவிட்டார். கூறினார் என்பதைவிட, முணுமுணுத்தார் என்பதே சரி. முப்பத்திரண்டு ஆண்டுகள் நூலகத்துக்குள் பேசிய குரல் அது. திறந்தவெளியிலும் உதட்டைவிட்டு ஒரு முழத்துக்கு மேல் போகாது.

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு, குளத்தை ஒட்டிய பூங்காவில் அக்காவின் வகுப்பு வந்து இறங்கியது. இருபத்து நான்கு குழந்தைகள், பன்னிரண்டு கைப்பேசிகள். ஓவியர், புல்வெளிக்குத் தம்முடைய காலணி போதுமா என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, சிமெண்டுப் பாதையிலேயே நின்றார். நூலகர் சலவைச் சட்டையின் கைப்பித்தானைப் போட்டுக்கொண்டு, “பதினொண்ணுக்கு எனக்கு ஒரு கூட்டம்” என்று முணுமுணுத்தார். வண்டு மரப்பெஞ்சில் மடிக்கணினியைத் திறந்து வைத்தாள். குழந்தைகள் எடுக்கும் படங்கள் அதில் ஒவ்வொன்றாக வந்து விழும்.

வெயில் பட்டது. பன்னிரண்டு மரவட்டைகள் கண் திறந்தன. குழந்தைகள் ‘ஓ’வென்று சிதறி ஓடினார்கள்.

ஐந்து நிமிடம் கழித்து முதல் குரல் வந்தது. “டீச்சர், பிடிச்சிட்டேன்!”

வண்டு அக்காவின் கையைக் கிள்ளினாள்.

“நாங்களும் பிடிச்சிட்டோம்!”

“நாங்க ரெண்டு பிடிச்சிட்டோம்!”

“எங்களது நழுவுது டீச்சர்!”

வண்டு கணினியைப் பார்த்தாள். ஒரு படம்கூட வரவில்லை. கம்பியை அசைத்தாள், இணைப்பைச் சோதித்தாள், ரீங்காரமிட்டாள். பிறகு, கடைசிக் குரலில் இருந்த ‘நழுவுது’ என்ற சொல் மெதுவாக அவள் மண்டைக்குள் இறங்கியது. படம் நழுவாதே!

நிமிர்ந்து பார்த்தாள்.

புல்வெளியில் சாப்பாட்டு டப்பாக்கள் திறந்து கிடந்தன. ரொட்டித் துண்டுகள் வெளியே, நத்தைகள் உள்ளே. ஒருத்தி காலுறையைக் கழற்றி, அதற்குள் வெட்டுக்கிளியை இறக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு சிறுமிகள் தொப்பியுடன் ஒரு தவளையைத் துரத்த, தவளை குளத்தைப் பார்த்து நியாயமாகவே ஓடிக்கொண்டிருந்தது. கைப்பேசிகள் பன்னிரண்டும் புல்லில் மல்லாந்து கிடந்தன. இரண்டு கையாலும் பிடிக்க வேண்டியிருக்கும்போது, கைப்பேசியை யார் பிடிப்பது?

அதுகூடப் பரவாயில்லை. பொத்தானுக்குக் கீழே வேறொரு வரி இருந்தது: ‘பிறகு, பெரியவர் ஒருவரிடம் காட்டு.’ எடுத்த படத்தைக் காட்டச் சொன்ன வரி அது. குழந்தைகள் கீழ்ப்படிதலுள்ள குழந்தைகள். பெஞ்சில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்த ஒருவரின் தலைப்புச் செய்தியின்மேல் மூன்று பொறிவண்டுகள் ஊர்ந்தன. வேக நடை போட்டுக்கொண்டிருந்த ஓர் அம்மாள் இன்னும் வேகமாக நடந்தார். தோட்டக்காரர் ஒருவர்தான் மகிழ்ந்துபோனார்.

“நத்தைய எல்லாம் வாரிட்டுப் போங்க கண்ணுங்களா. என் பூஞ்செடியில ஒரு இலை மிச்சம் வைக்கல அதுங்க.”

நூலகர் வலக்கையை முன்னால் நீட்டியபடி, அசையாமல் நின்றார். உள்ளங்கையில் ஒரு பெரிய நத்தை. உதடுகள் அசைந்தன. “யாராவது வந்து இத வாங்குங்களேன்” என்று அவர் கூவிக்கொண்டிருந்தார். யாருக்கும் கேட்கவில்லை.

ஓவியரைக் காணோம். மறு பெஞ்சின்மேல் ஏறி நின்றிருந்தார்.

“யாரும் எதையும் பிடிக்காதீங்க!” என்று வண்டு கத்தினாள்.

தவளைக்காரி திரும்பிப் பார்த்தாள். “பிடின்னு போட்டிருக்கே, ஆன்ட்டி?”

“அது… படம் பிடின்னு அர்த்தம்.”

“படம்னு போடலியே.”

“நீங்கதானே எழுதினீங்க?” என்றான் இன்னொருவன். “எழுத்துப்பிழையா, டீச்சர்?”

அக்காவின் முகம் அவளுடைய பேனா நிறத்துக்கு வந்துவிட்டது. “எழுத்துல பிழையே இல்லடா. அதான் இப்ப பிரச்சினையே.”

அழவேண்டிய நேரம் அது. ஓராண்டு உழைப்பு காலுறைக்குள் துள்ளிக்கொண்டிருந்தது. அதைத் தீர்மானிக்க வேண்டியவர் கையில் நத்தையோடு நின்றார். ஆனால், வண்டுவுக்கு வந்தது சிரிப்பு. அடக்க அடக்கப் பொங்கியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “அக்கா, மணி?” என்றாள்.

“பத்து. அவரு பத்தே முக்காலுக்குக் கிளம்பிடுவாரு. சீக்கிரம் வார்த்தைய மாத்துடீ.”

“என்னன்னு மாத்துறது? நாலு எழுத்து தாங்காது அந்தப் பொத்தான்.”

“எடு?”

“எடுத்துட்டு வீட்டுக்கே போயிடுவாங்க.”

“தட்டு?”

“ஐயோ, நத்தையவா?”

“பார்?”

“பாத்துட்டுச் சும்மா நிப்பாங்கக்கா. பொத்தான யாரு அழுத்துவா?”

முந்நூற்றுச் சொச்ச வாக்கியம் திருத்தியவளிடம், மூன்று எழுத்தில் ஒரு சொல் கையிருப்பில் இல்லை. வண்டு ரீங்காரமிடத் தொடங்கினாள். அப்போதுதான் மறு பெஞ்சிலிருந்து அலறல் கேட்டது.

“மேடம்! அதோ! அதோ!”

“எது ஓவியரே?”

“அதோ மேடம், அதோ!” ஓவியர் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, மறு கையால் அவளையே சுட்டினார். “உங்க தோள்ல! பச்சையா! கும்பிடுது!”

வண்டு கழுத்தைத் திருப்பினாள். கும்பிடுபூச்சி அவளைப் பார்த்துப் பணிவாக நின்றது.

“தோள்ல இருக்கிறது எனக்கு இதோ, ஓவியரே. உங்களுக்குத்தான் அது அதோ…”

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். அக்கா கையில் சுழன்றுகொண்டிருந்த பேனாவும் நின்றது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“சேய்மைச் சுட்டு” என்றாள் அக்கா மெதுவாக. “அருகில இருக்கிறதச் சொல்லவே முடியாது. கையில வச்சுக்கிட்டு ஒருத்தராலயும் அதோன்னு சொல்ல முடியாதுடீ!”

இரண்டே எழுத்துகள். ஒரு பொருளை அதோ என்று சுட்ட வேண்டுமானால், அது அங்கே இருக்க வேண்டும். சுட்டுகிறவர் இங்கே இருக்க வேண்டும். நடுவில் உள்ள இடைவெளியை அந்தச் சொல்லே தன் மடியில் வைத்திருக்கிறது. பூச்சிகளிடமிருந்து வாழ்நாள் முழுவதும் விலகி நின்றே பழகிய ஒரு மனிதரின் வாயிலிருந்து அது வராமல் வேறு யார் வாயிலிருந்து வந்திருக்கும்?

வண்டு பெஞ்சில் சம்மணம் கொட்டி உட்கார்ந்தாள். தோளில் கும்பிடுபூச்சி இருந்தபடியே இருக்க, விரல்கள் பறந்தன. பொறிவண்டின் முதுகில் ‘பிடி’ போய், ‘அதோ!’ வந்தது. வியப்புக்குறிக்கும் இடம் இருந்தது. கீழ் வரியில் ‘படத்தை’ என்ற சொல்லை மறக்காமல் சேர்த்தாள். நான்கு நிமிடங்களில் பன்னிரண்டு கைப்பேசிகளும் புதுச் சொல்லைப் பெற்றுக்கொண்டன. நத்தைகள் செடிக்கடியிலும், வெட்டுக்கிளி புல்லிலும் விடப்பட்டன. காலுறை மட்டும் ஈரமாகத் திரும்பியது.

“மறுபடியும் முதல்லேருந்து!” என்றாள் அக்கா.

இந்த முறை யாரும் எதுவும் விளக்கவில்லை. தவளைக்காரி தவளையை நெருங்கினாள், குனிந்தாள், கையை நீட்டினாள். திரையைப் பார்த்தாள். யோசித்தாள். பிறகு, ஒன்று, இரண்டு, மூன்று அடி பின்னால் வைத்து, விரல் நீட்டி, பூங்கா அதிரக் கத்தினாள்: “அதோ!”

கணினியில் முதல் படம் விழுந்தது. கொஞ்சம் கோணலாக, ஆனால் முழுத் தவளை.

அதன்பின் எங்கு பார்த்தாலும் அதோதான். மரத்தடியில் அதோ, குளத்தோரம் அதோ, கம்பியின்மேல் உட்கார்ந்திருந்த, யாராலும் பிடிக்க முடியாததால் முதல் சுற்றில் மதிப்பிழந்திருந்த மீன்கொத்திக்கு ஒரே நேரத்தில் ஒன்பது அதோ. கால் மணி நேரத்துக்குள் குழந்தைகள் சட்டமும் இயற்றிவிட்டார்கள்.

“ஏய், நீ இதோல நிக்கிற! அதோக்குப் போ!”

“நான் அதோலதான் நிக்கிறேன். உன் வெட்டுக்கிளிதான் இதோக்குக் குதிச்சிடுச்சு!”

“அப்ப நீ இன்னொரு அதோ பின்னால போ!”

சுட்டுச்சொல்லுக்கு வேற்றுமை உருபு ஏற்றி அவர்கள் வளைத்த வளைப்பைக் கேட்டு, அக்கா காதைப் பொத்திக்கொண்டாள், ஆனால், திருத்தவில்லை.

நூலகரின் நினைவு வண்டுவுக்கு அப்போதுதான் வந்தது. திரும்பினாள். அவர் நத்தையைத் தாமே ஒரு செடியடியில் இறக்கிவிட்டு, யாரோ ஒரு குழந்தையின் கைப்பேசியை இரவல் வாங்கி, எண்ணி மூன்று அடி பின்னால் வைத்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார். சுற்றும் முற்றும் பார்த்தார். “அதோ” என்றார். பொத்தான் பேச்சைக் கேட்பதில்லை, அழுத்தினாலே போதும். அது அவருக்குத் தெரியவில்லை. ஆகவே, கொஞ்சம் உரக்க, “அதோ!” என்றார். பிறகு, முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பூட்டி வைத்திருந்த முழுக் குரலையும் திறந்து, “அதோ!!” என்றார். மரத்திலிருந்த புறாக்கள் எல்லாம் கிளம்பின. அப்போதுதான் இறங்கியிருந்த ஓவியர் மறுபடி பெஞ்சில் ஏறினார்.

பத்தே முக்கால் வந்தது, போயிற்று. நூலகர் கிளம்பவில்லை. பதினொன்றேகாலுக்கு வண்டுவிடம் வந்து நின்றபோது, அவர் முழங்காலில் புல்கறை இருந்தது. குரல் பழையபடி ஒரு முழத்துக்குச் சுருங்கியிருந்தது. ஏதோ சொன்னார். பின்னால் இருபத்து நான்கு பேர் ஒரு மரங்கொத்தியைக் கண்டுபிடித்துவிட்டதால், ஒன்றும் கேட்கவில்லை.

“என்ன சார்?”

மறுபடி சொன்னார். உதடுகள்தாம் தெரிந்தன.

“சார், இன்னும் ஒரே ஒரு தடவ!”

நூலகர் அவளை விட்டுவிட்டு, அருகில் நின்ற அக்காவின் காதருகே குனிந்தார். அக்கா கேட்டாள், கண்ணை அகல விரித்தாள், தங்கையின் இரண்டு தோள்களையும் பிடித்து உலுக்கினாள்.

“பன்னண்டு கிளைக்கும் வேணுமாம்டீ! அடுத்த மாசமே! நீயே வந்து நடத்தணுமாம்! பறவைக்குத் தனியா ஒரு பகுதி எப்பன்னு கேக்குறாரு!”

வண்டு குதித்தாள். கும்பிடுபூச்சி பறந்து போயிற்று. அவள் அக்காவைக் கட்டிக்கொண்டாள். அக்காவை விட்டுவிட்டு நூலகரின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். அந்தக் கை இன்னும் கொஞ்சம் பிசுபிசுவென்றிருந்தது.

“ஓவியரே, இறங்குங்க! ஜெயிச்சிட்டோம்!”

“சந்தோஷம் மேடம். கீழ ஒண்ணும் இல்லன்னு யாராவது உறுதி குடுத்தா இறங்குறேன்.”

பெஞ்சில் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, அவள் மேலாளரை அழைத்தாள். திங்கட்கிழமை தான் வரப்போவதில்லை என்றும், நாற்காலியை வேறு யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றும் சொல்ல நினைத்தாள். சிரிப்பும் மூச்சிரைப்புமாக வாக்கியம் பாதிப் பாதியாகத்தான் வந்தது. மேலாளர் பொறுமையாகக் கேட்டார்.

“சரிம்மா, வாழ்த்துகள். அது சரி, பின்னால என்ன அவ்வளவு கூச்சல்? எங்க இருக்கீங்க?”

“வேலையில இருக்கேன் சார்” என்றாள் வண்டு.